தோற்பவரின் பிரமாணிக்கம்

இங்கிலாந்தின் சிறு நகரங்களில் கால்பந்து மைதானத்தின் வாயிலருகே ஒரு தாள் ஒட்டப்பட்டிருப்பதுண்டு. வரும் வாரங்களில் எந்த நாளில், எந்த ஊர் அணியோடு, எந்த மைதானத்தில் ஆட்டம் என்பதை அது அறிவிக்கும். பெரும்பாலும் சனிக்கிழமைகள், இடையிடையே ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. புள்ளிப் பட்டியலின் உச்சியில் நிற்கும் கழகத்தின் அன்பர் அந்தத் தாளை ஆவலோடு படிப்பார். பட்டியலின் அடியில் கிடக்கும் கழகத்தின் அன்பர் அதை எவ்வாறு படிப்பார்? முதல் சனிக்கிழமை வலிமை மிக்க அணி. அடுத்த வாரம் அதனினும் வலிய அணி. அதற்கடுத்தது நூறு கல் தொலைவிலுள்ள ஊர். வெல்லக்கூடிய ஆட்டம் எது என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு விரல்கூட மடங்காமல் போகலாம். ஆயினும் அவர் தம் நாட்குறிப்பில் அத்தனை நாள்களையும் குறித்துக்கொள்கிறார்.

நாம் இங்கே சிந்திக்க விரும்புவது இந்த மனிதரைப் பற்றியே. தோல்வி ஏறக்குறைய உறுதி எனத் தெரிந்த பின்னும், குறித்த நாளில் குறித்த இடத்திற்குச் சென்று நிற்கும்படி மனிதனைக் கடமைப்படுத்துவது எது? அது வெறும் பழக்கமா? பிடிவாதமா? அல்லது அறம் என்று பெயரிடத் தகுந்த ஒன்றா? கால்பந்தில் நாட்டமில்லாத வாசகரும் சற்றுப் பொறுத்து நம்மோடு வருவாராக. கேள்வி பந்தைப் பற்றியதன்று; கொடுத்த வாக்கைப் பற்றியது.

அந்நாட்டின் ஆண்கள் கால்பந்து ஓர் ஏணியைப் போன்று அமைந்துள்ளது. மேல் நான்கு படிகளில் 92 கழகங்கள் இருக்கின்றன. ஐந்தாம் படியிலிருந்து கீழே உள்ளவற்றை ‘லீக்கிற்கு வெளியே உள்ள கழகங்கள்’ என அழைப்பது அங்குள்ள மரபு. அவையும் தத்தம் லீக்குகளில் ஆடுபவைதாம். ஆனால் 1888-இல் தோன்றிய பழைய லீக்கின் வழிவந்த அமைப்பில் அவற்றிற்கு இடமில்லை. கீழே இறங்க இறங்க, ஆட்டக்காரர் பகலில் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவராக இருப்பார். நுழைவுச்சீட்டு கொடுப்பவரும், தேநீர் விற்பவரும், புல்தரையில் வெள்ளைக்கோடு போடுபவரும் பலவேளைகளில் ஊதியமின்றி உழைப்பவர்களே. 24 கழகங்கள் கொண்ட ஒரு பிரிவில் ஒவ்வொரு கழகமும் மற்ற 23 கழகங்களோடும் தன் ஊரில் ஒருமுறை, அவர்கள் ஊரில் ஒருமுறை என 46 ஆட்டங்கள் ஆட வேண்டும். அந்த 46 நாள்களின் நிரல்தான் வாயிலில் ஒட்டப்படும் தாள்.

அட்டவணை பிறந்த கதை

இந்த அட்டவணை எப்படிப் பிறந்தது என்பதை அறிந்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். 1885-இல் இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் வழங்குவது சட்டப்படி ஏற்கப்பட்டது. ஊதியம் கொடுக்க வேண்டுமானால் நிலையான வருமானம் வேண்டும்; நிலையான வருமானத்திற்கு நிலையான ஆட்டங்கள் வேண்டும். ஆனால் அன்றைய ஆட்டங்களில் பெரும்பாலானவை நட்பு முறையில் ஏற்பாடானவை. எதிரணிக்குக் கோப்பைப் போட்டி ஒன்று குறுக்கிட்டால், அல்லது இதைவிட இலாபகரமான ஓர் ஆட்டம் கிடைத்தால், ஒப்புக்கொண்ட ஆட்டத்தைக் கைவிடுவார்கள். காசு கொடுத்துப் பார்க்க வந்த தொழிலாளர் ஏமாந்து திரும்புவர்.

பர்மிங்காம் நகரில் துணிக்கடை நடத்திவந்த வில்லியம் மெக்கிரிகர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், ஆஸ்டன் வில்லா கழகத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவர். 1888 மார்ச் மாதம் அவர் சில கழகங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்னணிக் கழகங்கள் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் ஒவ்வொன்றும் மற்றதோடு இரு ஊர்களிலும் தவறாமல் ஆடுவதென ஒப்பந்தம் செய்துகொள்ளலாமே என்பதுதான் அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் 12 கழகங்களோடு லீக் ஆட்டங்கள் தொடங்கின. ஆக, யார் சிறந்தவர் என்று காண்பதற்கு முன்னரே, யார் சொன்னபடி வருவார் என்பதே அங்குக் கேள்வியாக இருந்தது. அட்டவணை என்பது முதலில் ஒரு வாக்குறுதி, பிறகுதான் போட்டி.

வாக்குறுதியின் தன்மை யாது? வருங்காலத்தின் ஒரு துண்டை நம் கணக்குகளிலிருந்து விலக்கி, இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிடுவதே வாக்குறுதி. அந்த நாள் வரும்போது நமக்கு விருப்பம் இருக்குமா, இலாபம் இருக்குமா, வெற்றி இருக்குமா என்பன நாம் இன்று அறியாதவை. அறியாமலே கொடுக்கிறோம். இலாபம் உள்ளவரை மட்டும் செல்லுபடியாகும் சொல்லுக்கு வாக்குறுதி என்று பெயரில்லை. அது வாணிப மதிப்பீடு. வெல்லும் அணி குறித்த நாளில் வந்து நிற்பது வாக்குக்காகவா, வெற்றிக்காகவா என்று பிரித்தறிய நம்மால் இயலாது. தோற்கும் அணி வந்து நிற்கும்போது அந்த ஐயத்திற்கு இடமில்லை. நம் முன்னோர் திருமண வார்த்தைப்பாட்டில் வைத்துப் போற்றிய ‘பிரமாணிக்கம்’ என்னும் சொல்லின் பொருள் இத்தகைய வேளைகளில்தான் வெளிப்படுகிறது.

ஒரு கழகத்தின் முடிவு

செஸ்டர் வடமேற்கு இங்கிலாந்திலுள்ள பழைமையான நகரம். உரோமையர் காலத்துக் கோட்டைநகர். அங்கே 1885-இல் தொடங்கப்பட்ட கால்பந்துக் கழகம், செஸ்டர் சிட்டி என்ற பெயரில் நெடுங்காலம் ஆடிவந்தது. அதன் மைதானத்தின் புல்தரை வேல்ஸ் நாட்டு எல்லைக்குள்ளும், அலுவலகம் இங்கிலாந்து எல்லைக்குள்ளும் இருப்பது ஒரு வேடிக்கை. 2009-இல் அக்கழகம் நான்காம் படியிலிருந்து ஐந்தாம் படிக்கு இறங்கியது. கடன் சுமை கழுத்தை நெரித்தது. நிதிச் சீர்கேட்டின் தண்டனையாக 25 புள்ளிகள் கழிக்கப்பட்டு, அந்தக் கழிவோடுதான் 2009-10 பருவத்தைத் தொடங்கியது. ஒரு வெற்றிக்கு மூன்று புள்ளி என்றால், எட்டு முறை வென்றாலும் கடன் தீராது. பல மாதங்கள் ஆடிய பிறகும் அதன் கணக்கு பூஜ்யத்தை எட்டவில்லை.

அந்தப் பருவத்தில் ஒருவர் வாயிலில் ஒட்டப்பட்ட தாளைப் பார்த்திருந்தால், மீதமிருந்த ஒவ்வொரு நாளும் ஒரு சுமையாகவே தெரிந்திருக்கும். 2010 பிப்ரவரியில், ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் பாக்கி நின்ற நிலையில், ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் அணியின் ஊரில் ஆட வேண்டிய ஆட்டத்திற்கு அணி போகவில்லை. அதே மாதம் 26-ஆம் நாள் மற்றக் கழகங்கள் வாக்களித்து அதை லீக்கிலிருந்து நீக்கின. மார்ச் 10-ஆம் நாள் நீதிமன்றம் கழகத்தைக் கலைத்துவிட ஆணையிட்டது. 125 ஆண்டுகளின் வரலாறு அத்தோடு முடிந்தது.

இங்கே நம் சிந்தனையைத் தூண்டும் ஒரு விதி உண்டு. பருவத்தை முடிக்காத கழகம் அதுவரை ஆடிய ஆட்டங்கள் அனைத்தும் கணக்கிலிருந்து அழிக்கப்படுகின்றன. செஸ்டரை வென்றவர்களின் மூன்று புள்ளிகள் போயின. சமன் செய்தவர்களின் ஒரு புள்ளி போயிற்று. மழையிலும் குளிரிலும் வியர்வை சிந்தி அவர்கள் ஈட்டியது நடவாதது போலாயிற்று. அந்தப் பிரிவில் 46 ஆட்டங்கள் 44 ஆகக் குறைந்தன. ஏணியின் அடியில் கிடந்த ஒரு கழகம் வீழ்ந்தபோது, உச்சியில் இருந்தவரின் கணக்கும் திருத்தப்பட்டது.

தோற்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதலான பொய் ஒன்றுண்டு: “நான் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? யாருக்கு நட்டம்?” இந்த விதி அப்பொய்யை உடைக்கிறது. வலியவரின் வெற்றிகூட, எளியவர் பருவத்தின் கடைசி நாள்வரை நிலைத்து நிற்பதைச் சார்ந்தே வெற்றியாக நிற்கிறது. ஓர் உறுப்பு துன்புற்றால் உடல் முழுவதும் துன்புறும் என்பதைத் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது வலியுறுத்தினார். உடலில் வலுவற்றதாகத் தோன்றும் உறுப்பே இன்றியமையாதது என்ற அவரது போதனைக்கு இவ்வளவு கண்கூடான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

கூலி கொடாதவர் பிரமாணிக்கம் கேட்கலாமா?

அப்படியானால், ஊதியம் பெறாமல் ஆட மறுப்பவர் வாக்குத் தவறியவரா? இக்கேள்வியைக் கடந்து செல்வது நேர்மையாகாது. உழைத்தவரின் கூலியைப் பிடித்து வைத்துக்கொள்வது விண்ணகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் எனத் திருச்சபை கற்பிக்கிறது. இறைவாக்கினரும் புனித யாக்கோபும் இதைக் கடுமையாகக் கண்டித்துள்ளனர். நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை 13-ஆம் லியோ, 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலில், நேரிய கூலி என்பது இரக்கத்தால் இடப்படும் பிச்சையன்று, நீதியால் தரப்பட வேண்டிய கடன் என்பதை உலகறியச் செய்தார்.

பிரமாணிக்கம் ஒரு சங்கிலி. மேலிருந்து முதல் கண்ணி அறுந்த பின், கடைசிக் கண்ணியைப் பார்த்து ‘நீ ஏன் தாங்கவில்லை?’ என்று கேட்பது அநீதி. அட்டவணையில் கழகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள், அந்த நாளில் ஆடப்போகும் மனிதரின் வயிற்றுக்கும் வாக்குக் கொடுத்தவர்களே. ஆகவே செஸ்டரில் உடைந்த வாக்கு, அணி புறப்படாத அந்த நாளில் உடைந்ததன்று; கூலி கொடுக்கப்படாத நாளிலேயே உடைந்துவிட்டது.

அன்பர்கள் பலரும் அப்பருவத்தில் மைதானத்திற்குப் போவதை நிறுத்தினார்கள். நிர்வாகத்தை எதிர்த்துக் குரலெழுப்பினார்கள். அது பிரமாணிக்கமின்மையா? இங்கே நாம் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். அணி தோற்கிறது என்பதற்காக விலகுபவர் உண்டு. அணியைக் கெடுக்கிறார்கள் என்பதற்காக விலகி நிற்பவரும் உண்டு. வெளிப்பார்வைக்கு இருவரும் ஒன்றே. இருவருடைய இருக்கைகளும் காலியாகத்தான் இருக்கின்றன. முன்னவர் விலகிய பின் வேறொன்றைத் தேடிப் போய்விடுகிறார். பின்னவர் விலகி நின்று என்ன செய்கிறார் என்பதுதான் அவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

செஸ்டரின் அன்பர்கள் செய்ததை உலகம் பார்த்தது. பழைய கழகம் கலைக்கப்பட்ட சில வாரங்களிலேயே, 2010 மே மாதத்தில் அவர்கள் செஸ்டர் கால்பந்துக் கழகம் என்ற பெயரில் புதியதொன்றை நிறுவினார்கள். தனியொரு முதலாளிக்கு அது சொந்தமன்று. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு என்ற முறையில் அன்பர்களின் சங்கமே அதன் உரிமையாளர். முன்பிருந்த இடத்திற்கு மூன்று படிகள் கீழே, எட்டாம் படியில் அவர்கள் தொடங்க வேண்டியிருந்தது. முன்பு பெருநகர அணிகளின் பெயர்களைத் தாங்கிய தாளில் இப்போது சிற்றூர்களின் பெயர்கள். அவர்களோ அந்தத் தாளை வெட்கமின்றி வாங்கி, நாள்களைக் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் பற்றுறுதி கொண்டிருந்தது ஒரு பெயர்ப்பலகையோடோ ஓர் உரிமையாளரோடோ அன்று; ஒருவரோடொருவர் கொண்ட பிணைப்போடும், ‘வருவோம்’ என்ற சொல்லோடும்தான்.

புதிய கழகம் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தன் பிரிவில் முதலிடம் பெற்று, இழந்த ஐந்தாம் படியை எட்டியது. மறையுரையாற்றுபவருக்கு இங்கே நிறுத்திக்கொள்ளும் ஆசை எழும். துன்பத்திற்குப் பின் வெற்றி, சிலுவைக்குப் பின் மகிமை என்று முடித்துவிடலாம். ஆனால் உண்மை அங்கே நிற்கவில்லை. 2018-இல் அக்கழகம் மீண்டும் பணமுடையில் சிக்கியது. அதே ஆண்டில் ஆறாம் படிக்கு இறங்கியது. அன்பர்கள் மறுபடியும் தங்கள் பையிலிருந்து பணம் திரட்டிக் கதவு மூடாமல் காத்தார்கள். ஏறியதுதான் பிரமாணிக்கத்தின் பரிசு என்றால், இறங்கியதோடு பரிசு பறிபோயிற்று என்றல்லவா கொள்ள வேண்டும்? ஆகவே பரிசை வேறிடத்தில் தேடவேண்டியிருக்கிறது.

எதிர்நோக்கு என்பது யாது?

புனித தாமஸ் அக்குவினாஸ் எதிர்நோக்கைப் பற்றி ஆராயும்போது அதன் பொருளுக்கு நான்கு இலக்கணங்கள் கூறுகிறார். அது நன்மையாக இருக்கவேண்டும். இனி வரவேண்டியதாக இருக்கவேண்டும். அடைவதற்கு அரியதாக இருக்கவேண்டும். ஆயினும் அடையக்கூடியதாக இருக்கவேண்டும். எளிதில் கிடைப்பதை யாரும் எதிர்நோக்குவதில்லை. கிடைக்கவே முடியாததையும் எதிர்நோக்க இயலாது. எதிர்நோக்கிற்கு எதிரான பாவங்கள் இரண்டு: அவநம்பிக்கை ஒன்று, மிதமிஞ்சிய துணிவு மற்றொன்று. அக்குவினாஸ் பேசும் இறைப்புண்ணியம் கடவுளையே இலக்காகக் கொண்டது. பந்தாட்டத்தை அதனோடு சமப்படுத்துவது நம் நோக்கமன்று. எனினும் அவர் வகுத்த இலக்கணம் நம் மனிதரின் உள்ளத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

அட்டவணையைப் பார்த்து ‘எல்லாவற்றையும் வெல்வோம்’ என்பவர் துணிவு மிஞ்சியவர். ‘எதற்கும் பயனில்லை’ என்பவர் அவநம்பிக்கையில் வீழ்ந்தவர். இவ்விருவரும் பகைவர் போலத் தோன்றினாலும் ஒரே தவற்றின் இரு மகன்கள். இருவருமே முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டதாக எண்ணுகிறார்கள். அதனால் இருவருக்குமே அந்த நாள் தேவையில்லை. வரப்போகும் சனிக்கிழமையைத் திறந்த மனத்தோடு பெற்றுக்கொள்பவர் எதிர்நோக்குடையவர் மட்டுமே. கோப்பை அவருக்கு எட்டாத ஒன்றாக இருக்கலாம். ஆனால் நேர்மையாக ஆடி முடிக்கப்பட்ட ஓர் ஆட்டம், எதிரணிக்குச் செலுத்தப்பட்ட மரியாதை, அண்டை வீட்டாரோடு நின்று பகிர்ந்துகொண்ட இரண்டு மணி நேரம் ஆகியவை அரியவையும் அடையக்கூடியவையுமான நன்மைகள். அவை தோல்வியால் பறிக்கப்படாதவை.

‘விளையாட்டுக்கு இத்தனை தத்துவமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். விளையாட்டிலும் ஒரு நற்பண்பு இயங்குகிறது, அளவோடு அமைந்த விளையாட்டு உள்ளத்திற்கு ஓய்வு தருகிறது என்று கற்பித்தவரும் அதே அக்குவினாஸ்தான். 1887-இல் கிளாஸ்கோ நகரில் மாரிஸ்ட் சபைச் சகோதரர் வால்ஃப்ரிட், பசித்த ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் பொருட்டே செல்டிக் கால்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்தார். சிறியவற்றில் நம்பத்தகுந்தவரே பெரியவற்றிலும் நம்பத்தகுந்தவர் என்பது ஆண்டவரின் போதனை. சிறு வாக்குறுதிகளைக் காக்கப் பழகாத மனிதர், பெரியதொரு வாக்குறுதியின் நாளில் எங்கிருந்து வலிமை பெறுவார்?

நம் அட்டவணைகள்

நம்மிடமும் இத்தகைய தாள்கள் இருக்கின்றன. ஆலய அறிவிப்புப் பலகையில் அன்பியக் கூட்டங்களின் நாள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. முப்பது குடும்பங்கள் உள்ள அன்பியத்தில் நான்கு பேர் வருகிறார்கள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியை ஐம்பது பேருக்குரிய தயாரிப்போடு வருகிறார். வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதந்தோறும் ஒரு நோயாளியைச் சந்திக்கிறார்கள்; அவர் குணமாவதில்லை, தேறுவதுமில்லை. இவர்கள் எல்லாரும் புள்ளிப் பட்டியலின் அடியில் இருப்பவர்களே. இவர்களைப் பார்த்து ‘எத்தனை பேர் வந்தார்கள்?’ என்று மட்டும் கேட்பது நம் வழக்கமாகிவிட்டது. ‘குறித்த நாளில் நீங்கள் அங்கே இருந்தீர்கள்’ என்று நன்றி சொல்ல நாம் மறந்துவிடுகிறோம்.

அதோடு, குருக்களாகிய நாம் நம் நெஞ்சையும் தட்டிப் பார்க்க வேண்டும். அதிகாலையில் மணியடித்துக் கதவு திறக்கும் கோவில்பிள்ளையிடமும், ஊர் ஊராய்ச் சென்று செபம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியாரிடமும் நாம் பிரமாணிக்கத்தைத் தயங்காமல் எதிர்பார்க்கிறோம். அவர்களுக்கு உரிய கூலியை உரிய நாளில், அவர்கள் தலைகுனியாத வகையில் கொடுக்கிறோமா? திருவிழாவிற்கு வாணவேடிக்கை வைக்கப் பணம் கிடைக்கும் பங்கில், கோவில்பிள்ளையின் சம்பளம் மட்டும் அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போவது ஏன்? செஸ்டரில் அறுந்த கண்ணி எதுவென்று சுட்டிக்காட்டிய நம் விரல், நம்மையும் நோக்கித் திரும்பவேண்டியிருக்கிறது. ‘சேவை’ என்ற தூய சொல்லை அநீதிக்குப் போர்வையாக்குவோமானால், ஒருநாள் நம் ஆட்டமும் நடக்காமற்போகும். பிறர் பாடுபட்டு ஈட்டியதும் அத்தோடு அழியும்.

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட மனிதரிடம் திரும்புவோம். அவர் கையிலுள்ள தாளில் நாள் இருக்கிறது, எதிரணியின் பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது. முடிவு எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அந்த வெற்றிடத்தை இன்றே நிரப்பும் உரிமை அவருக்குத் தரப்படவில்லை, நமக்கும் தரப்படவில்லை. அதை ஆண்டவர் தம் கையில் வைத்துக்கொண்டார். நமக்குத் தரப்பட்டது நாளும் இடமும், அங்கே நமக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதரும். வருகிற சனிக்கிழமை மழை பெய்யலாம். அணி மூன்று கோல்களில் தோற்கலாம். அவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவார். நாமும் நமக்குக் குறிக்கப்பட்ட நாளில், குறிக்கப்பட்ட இடத்தில், எண்ணிக்கை பாராமல் இருப்போமாக.